மீன் மணத்த விமானம்

எங்கள் விமானத்தில் மீன் மணத்தது. தேசிக்காய்ச் சாறு தேய்த்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, கிணற்றடி வெயிலில் நாட்கணக்காகக் கவிழ்த்து வைத்தும் போகாத வாசம் அது. சூடைமீனும் ஐஸ் தண்ணீரும் கலந்த, அப்பாவின் சட்டையில் எப்போதும் இருந்த அதே வாசம். அப்பா விடியமுன் முல்லைத்தீவுக் கரைக்குப் போய் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய வெள்ளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து, விசுவமடு ஒழுங்கைகளில் "ஹோர்ன்" அடித்து விற்பவர். நுரைபோல இலேசான அந்தப் பெட்டியை "ரெஜிபோம் பெட்டி" என்போம். மூலை உடைந்து ஐஸ் நிற்காமல் போனால் பெட்டி வீட்டுக்கு வந்துவிடும். ஒன்றில் கோழி அடை கிடக்கும், இன்னொன்றில் அம்மா கத்தரி நட்டிருப்பார். அப்படி வந்த பெட்டிகளின் மூடிகளை வெட்டித்தான் அண்ணனும் நானும் விமானம் செய்தோம். சும்மா நேரே பறக்கும் விமானமல்ல, வானத்தில் குட்டிக்கரணம் அடிக்கும் விமானம். பறந்த முதல் நாளே காகங்களும் ஒரு பருந்தும் அதைச் சாப்பாடென்று நம்பித் துரத்தின என்றால், அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கனடாவிலிருந்த சித்தப்பா, தன் மகன் விளையாடி அலுத்த விமானமொன்றை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். வந்து சேர்ந்தபோது அதன் உடம்பும் இரண்டு பக்கச் செட்டையும் நொறுங்கிக் கிடந்தன. மோட்டாரும், விசிறியும், செட்டையிலும் வாலிலும் உள்ள மடல்களை ஆட்டும் சின்னஞ்சிறு மோட்டார்களும், பற்றரியும், இரண்டு தடிகள் முளைத்த "ரிமோட்"டும் மட்டும் உயிரோடு இருந்தன. சண்டை முடிந்து நாங்கள் திரும்பக் குடியேறிச் சில வருடங்கள் ஆகியிருந்த காலம். எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். அண்ணனுக்கு மீசை அரும்பியிருந்தது.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சண்டையின் கடைசி மாதங்களில் அவனுடைய இடக்கைப் பெருவிரலையும் பக்கத்து விரலையும் ஷெல் துண்டு கொண்டுபோய்விட்டது. அதன்பின் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நின்றுவிட்டான். யாராவது வீட்டுக்கு வந்தால் கையை உடுத்திருந்த சாரத்துக்குள் மறைத்துக்கொண்டு பின்வளவுக்குப் போய்விடுவான். "வாயைத் திறக்கிறது சாப்பிட மட்டும்தான்" என்று அப்பா அலுத்துக்கொள்வார். அந்தப் பார்சல் வந்த நாளிலிருந்து ஆள் மாறினான். விடிந்ததும் பழைய மீன்பெட்டிகள் கிடந்த கொட்டிலுக்குள் புகுந்தால் திரும்பத் திரும்பக் கூப்பிட்டால்தான் சோற்றுக்கு வருவான். வந்தாலும் சோற்றுக் கோப்பையைப் பார்க்காமல் செட்டையின் நீள அகலத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டிருப்பான். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் அவன் வாயிலிருந்து சத்தம் வருகிறதே என்ற சந்தோஷத்தில் எல்லோரும் தலையாட்டுவோம்.

அம்மாவும் தலையாட்டினார். அலுமாரிக்கு மேலே வைக்கிற அலங்காரச் சாமான் ஏதோ செய்கிறான் என்று நினைத்துக்கொண்டார். அது பறக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது.

சண்டைக் காலத்தில் ஆளில்லாத வேவு விமானத்தை எங்கள் சனம் "வண்டு" என்றுதான் சொல்லும். தலைக்கு மேலே இரைந்துகொண்டு சுற்றும். சுற்றி முடித்துச் சத்தம் நின்றால் கொஞ்ச நேரத்தில் ஷெல் வரும். அந்த இரைச்சல் கேட்டதும் எப்படி விழுவது என்று அம்மா எங்களைப் பழக்கியிருந்தார்: முகங்குப்புறப் படு, முழங்கையை ஊன்று, நெஞ்சு நிலத்தில் முட்டக்கூடாது, காதைப் பொத்து, வாயைத் திற. மற்றப் பிள்ளைகள் வாய்ப்பாடு பாடமாக்கிய வயதில் நான் இதைப் பாடமாக்கினேன். ஷெல்லடியில் அம்மாவுக்கு ஒரு காது முற்றாகப் போய்விட்டது. ஒற்றைக் காதால் கேட்பவருக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று பிரித்தறிய முடியாது. எந்த இரைச்சலும் அவருக்குத் தலைக்கு நேர்மேலேதான். குடியேறிய புதிதில் தூரத்தில் ஒரு ஹெலிகொப்டர் போனாலும் எங்களை இழுத்துக்கொண்டு பழைய பதுங்குகுழி இருந்த இடத்துக்கு ஓடுவார். அப்பா அந்தக் குழியை அரைவாசி மூடி வாழை வைத்திருந்தார். அந்த வாழைகளுக்கு நடுவில் எங்களை அமுக்கிப் பிடித்தபடி குந்தியிருப்பார். பிறகு நாட்கணக்கில் சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை, பேச்சு இல்லை. ஆஸ்பத்திரிக்கு அலைந்து, குளிசைகளை மாற்றி மாற்றிப் போட்டு, அந்த வருடம்தான் தேறித் தையல் மெஷின் முன்னால் இருந்து பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கத் தொடங்கியிருந்தார்.

எங்கள் மோட்டாரின் சத்தம் அச்சொட்டாக அதே வண்டின் சத்தம். கொட்டிலில் அண்ணன் முதன்முதலாகப் பற்றரியைக் கொழுவிக் கண் இமைக்கும் நேரம் அதைச் சுழலவிட்டான். வீட்டுக்குள் தையல் மெஷின் நின்றது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி அசையாமல் இருந்தோம். பிறகு மெஷின் மெல்ல ஓடத் தொடங்கியது. அன்று மாலை மீன் விற்றுவந்த அப்பாவிடம் உண்மையைச் சொன்னோம். அவர் அண்ணனின் முகத்தைப் பார்த்தார், வீட்டுப் பக்கம் பார்த்தார், கடைசியில், "கொம்மாவின்ர காதில விழுந்துதெண்டால் நானே உந்த விமானத்தை அடுப்புக்கை வைப்பன்" என்றார். அதுதான் அவர் தந்த அனுமதி. பறந்தால் அண்ணன் எங்களுக்குத் திரும்பக் கிடைப்பான், அம்மாவுக்குக் கேட்டால் அம்மாவைத் திரும்பவும் தொலைப்போம். அந்த வயதிலேயே எனக்கு இது நன்றாக விளங்கியது, விளங்கியும் அண்ணனின் பக்கமே நின்றேன்.

செய்த கதை பெரிய கதை. முதலில் ஒட்டிய பசை ரெஜிபோமைக் கரைத்துத் தின்றுவிட்டது; காலையில் போய்ப் பார்த்தால் செட்டையின் நடுவில் ஓட்டை. அண்ணன் என்னை முறைத்தான், ஏதோ நான் இரவில் வந்து தின்றதுபோல. பிறகு மரத்துக்குப் பூசும் வெள்ளைப் பசைக்கு மாறினோம். செட்டைக்குள் மூங்கில் சிலாகை, மடல்களை இழுக்கச் சைக்கிள் கம்பி, மடல்களுக்குப் பிணைச்சலாக ஒட்டுகிற "செலோரேப்" நாடா. மேற்பக்கம் வெள்ளையாகவே இருக்க, அடிப்பக்கத்துக்கு அம்மாவிடம் சிவப்பு "லைனிங்" துணி கேட்டு வாங்கி ஒட்டினோம். குட்டிக்கரணம் அடிக்கும் விமானத்துக்கு மேலும் கீழும் வேறு நிறமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தூரத்தில் அது நிமிர்ந்திருக்கிறதா கவிழ்ந்திருக்கிறதா என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. அம்மா எதற்கென்று கேட்காமல், துணியை அளந்து, விளிம்பு பிசிறாமல் வெட்டியே தந்தார்.

ஓட்டுபவள் நான். ரிமோட்டின் இரண்டு தடிகளுக்கும் இரண்டு பெருவிரல் வேண்டும், அண்ணனிடம் இருந்தது ஒன்று. ஆகவே மூளை அவனுடையது, விரல் என்னுடையது. களிமண் உருண்டையில் இரண்டு ஈர்க்குத் துண்டுகளைக் குத்தி என் கையில் தந்துவிட்டு, தன் செருப்பைத் தலைக்கு மேலே பிடித்து விமானமாகப் பறக்கவிடுவான். செருப்பைச் சரித்தால் நான் ஈர்க்கைச் சரிக்கவேண்டும். செருப்பைக் கவிழ்த்துவிட்டு, "இப்ப தலைகீழ். மூக்கு நிலத்துக்குப் போகுது. என்ன செய்வாய்?" என்பான். நிமிர்ந்து பறக்கும்போது மேலே ஏறத் தடியைப் பின்னுக்கு இழுக்கவேண்டும், கவிழ்ந்திருக்கும்போது முன்னுக்குத் தள்ளவேண்டும். நான் இழுத்துவிட்டால் அந்தச் செருப்பு என் தலையில் வந்து இறங்கும். "செத்தாய்" என்பான். சாப்பிடும்போது, தண்ணீர் அள்ளும்போது, பள்ளிக்கூடம் வெளிக்கிடும்போதுகூடச் செருப்பு கவிழும். நாளடைவில் என் விரல்கள் என்னைக் கேளாமலே முன்னுக்குத் தள்ளப் பழகிவிட்டன.

பறக்கவிடும் இடம் வீட்டுக்கு மேற்கே, வாய்க்காலுக்கு அப்பால் பெருமாள் அண்ணையின் வயல். மலையகத்திலிருந்து வந்து எங்களூரில் காடு வெட்டி வயல் செய்து கமக்காரரானவர் அவர். நெல் அரிவு வெட்டிய பிறகு வயல் வெறுமையாகக் கிடக்கும், அடிக்கட்டைகளில் விமானம் விழுந்தாலும் பெரிய சேதம் வராது. கொண்டல் காற்று வீசும் நாளில் மட்டும்தான் பறக்கவிடுவோம். கொண்டல் கிழக்கிலிருந்து வருவது, சத்தத்தை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் தூக்கிக்கொண்டு போய்விடும். காலையில் எழும்பியதும் அண்ணன் வேலியில் கட்டிய துணித்துண்டைப் பார்ப்பான். அப்பா வீதியோர இராணுவக் காவலரணில் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார், அவர்கள் ஒருதரம் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். "ஒங்க அம்மாவுக்குத் தெரியுமா பாப்பா?" என்று பெருமாள் அண்ணை மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்பார். நான் பற்றரியை இறுக்குவதில் மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்வேன்.

முதல் தரம் மூக்கு பாரமாக இருந்ததால் எறிந்த கையோடு நிலத்தில் குத்தியது. பற்றரியைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்தோம். செட்டையின் அடியில் இரண்டு பக்கமும் என் விரல் நுனியைக் கொடுத்துத் தூக்கினால் அது எந்தப் பக்கமும் சாயாமல் கிடக்கவேண்டும், அந்த இடம் கிடைக்கும்வரை அண்ணன் விடவில்லை. பறந்த அன்று நான் கத்திய கத்தலில் கொக்குகள் எழும்பிப் போயின. பிறகு வளையம் அடிக்கப் பழகினேன், உருளப் பழகினேன். ஒவ்வொரு முறையும் ஒரு கண் வானத்தில், ஒரு கண் வாய்க்கால் கரையில் நிற்கும் மருதமரத்தடியில். அம்மா வருவதென்றால் அந்த வழியால்தான் வரவேண்டும்.

அன்று கொண்டல் நன்றாக வீசியது. பெருமாள் அண்ணை வரம்போரம் வைக்கோல் கொளுத்திக்கொண்டிருந்தார், புகை எங்களுக்கு அப்பால் மேற்கே சரிந்து போனது. அண்ணன் வலக்கையால் ஓங்கி எறிந்தான். ஒரு வளையம், இன்னொரு வளையம். "கவிட்டுப் பிடியடி. வயல் முழுக்கக் கவிட்டபடி போகவேணும்" என்றான். உருட்டிக் கவிழ்த்தேன், தடியை லேசாக முன்னுக்குத் தள்ளிப் பிடித்தேன், வெள்ளை முதுகு எங்களைப் பார்க்க விமானம் நேர்கோட்டில் போனது. நெடுநாள் கழித்து அண்ணன் பல்லுத் தெரியச் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"பாப்பா, காத்து திரும்புது" என்றார் பெருமாள் அண்ணை.

புகை நிமிர்ந்து நின்றது. பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் சரிந்தது. "இறக்கு! இறக்கு!" என்று அண்ணன் கத்தினான். இறக்குவதற்கு முதலில் நிமிர்த்தவேண்டும், பிறகு சுற்றிக் கொண்டுவரவேண்டும், நான் எதைத் தொடங்குவது என்று யோசித்த அந்த இடைவெளிக்குள் மருதமரத்தடியில் அம்மா தெரிந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்க, செருப்பில்லாமல், சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் தலையை அங்குமிங்கும் திருப்பியபடி எங்களை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார்.

"பிள்ளையள்! வண்டு! படுங்கோ! படுங்கோ!"

நான் படுத்துவிட்டேன். யோசித்துப் படுக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் முழங்கால் மடிந்தது, முழங்கை ஊன்றியது, இரண்டு கையும் காதுக்குப் போயின, வாய் திறந்தது. பக்கத்தில் அண்ணனும் விழுந்தான். வரம்பில் பெருமாள் அண்ணையும் விழுந்தார். எங்கள் கையாலேயே செய்த மீன்பெட்டிக்குப் பயந்து எல்லோரும் முகங்குப்புறக் கிடந்தோம். மேலே அது ஓட்ட ஆளில்லாமல் தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது. இதை நினைத்து இப்போது சிரிக்கலாம். அப்போது அம்மா என்மேல் வந்து விழுந்து தன் உடம்பால் என்னை மூடினார், அவரது நெஞ்சு அடிப்பது என் முதுகில் கேட்டது.

நெஞ்சு நிலத்தில் முட்டக்கூடாது என்று அவர் பழக்கியிருந்தாரே, அதனால் எனக்கும் நிலத்துக்கும் நடுவில் ரிமோட் உடையாமல் கிடந்தது. அம்மாவின் கைக்குக் கீழால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். வெள்ளை முதுகு. மூக்கு மெல்ல மெல்ல நிலத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தது. அண்ணன் பாரத்தை அவ்வளவு திருத்தமாக வைத்திருந்ததால்தான் அது இன்னும் விழவில்லை. விழுந்தால் அம்மாவின் கண்முன்னே, வானத்திலிருந்து, பெரிய சத்தத்தோடு விழும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு அவரை எந்தக் குளிசையும் திருப்பிக் கொண்டுவராது. காதிலிருந்து கையை எடுத்தேன். விரல்கள் தடிகளைத் தேடிப் பிடித்து, என்னைக் கேளாமலே முன்னுக்குத் தள்ளின. மூக்கு நிமிர்ந்தது.

"அசையாதை பிள்ளை!" அம்மா என்னை இன்னும் அமுக்கினார்.

"அம்மா, அது வண்டில்லை. அது எங்கட. நான்தான் பிடிச்சிருக்கிறன்."

"பொய் சொல்லாதை. கிட சும்மா."

அவருடைய நல்ல காது என் வாய்க்கருகில் இருந்தது. "இப்ப அது இடப்பக்கம் திரும்பும், பாருங்கோ" என்றேன். திருப்பினேன். "இப்ப வலப்பக்கம்." திரும்பியது. அம்மாவின் பிடி தளரவில்லை, ஆனால் தலை கொஞ்சம் உயர்ந்தது. "இப்ப உருளும், அடியில சிவப்புத் தெரியும். உங்கட துணி." உருட்டினேன், உள்ளங்கை வியர்வையில் தடி வழுக்கியது. அம்மா தன் கையால் வெட்டித் தந்த சிவப்பு, வெயிலில் பளிச்சென்று எங்களுக்கு மேலே வந்தது.

அம்மா வெகுநேரம் அதையே பார்த்தார். "நிப்பாட்டு" என்றார், குரல் எழும்பாமல்.

மோட்டாரை நிற்பாட்ட எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் வண்டின் சத்தம் நின்றால் என்ன வரும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். "இப்ப சத்தம் நிக்கும் அம்மா. நிண்டாப்பிறகு ஒண்டும் வராது" என்று சொல்லிவிட்டு நிற்பாட்டினேன். வயல் முழுக்க அமைதி. அம்மாவின் நகங்கள் என் தோளில் பதிந்தன. படுத்திருந்தபடியே, "வரம்புக்கு மேல வருது… இனி எங்களுக்கு நேர வருது… இப்ப நிலத்தைத் தொடும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, விமானம் அடிக்கட்டைகளில் சரசரவென்று உரசிக்கொண்டு வந்து, முகங்குப்புறக் கிடந்த அண்ணனின் காலடியில் நின்றது.

அம்மா எழுந்து போய் அதன் பக்கத்தில் குந்தினார். தொடவில்லை. குனிந்து அதன் மீன் வாசத்தை மணந்து பார்த்தார். பிறகு வீட்டுக்கு நடந்துபோய், வாழைகளுக்கு நடுவில் இருந்துகொண்டார். பொழுதுபட்டும் வரவில்லை, அப்பா போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் எங்களை ஏசவில்லை, அடுப்பைப் பற்றியும் பேசவில்லை, அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது. அண்ணன் விசிறியைக் கழற்றிவிட்டு விமானத்தைக் கொட்டிலின் பரணில் ஏற்றினான். கையைத் திரும்பவும் சாரத்துக்குள் வைத்துக்கொண்டான். இரண்டு பேரையும் ஒரே நாளில் தொலைத்துவிட்டோம் என்று நினைத்து, கிணற்றடியில் நின்று நன்றாக அழுதேன்.

தையல் மெஷின் நாட்கணக்காக மூடிக் கிடந்தது. பிறகொரு காலை அதன் சத்தம் கேட்டது. நாங்கள் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா தைப்பதிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "உந்த மீன்பெட்டி இப்ப பறக்கிறேல்லையோ?" என்று கேட்டார்.

அண்ணன், "இல்லை" என்றான்.

"விடுறதெண்டால் எனக்குச் சொல்லிப்போட்டு விடுங்கோ. சொல்லாமல் வாறதுதான்…" என்று தொடங்கியவர் முடிக்காமல் மெஷினை மிதித்தார்.

அதன்பிறகு அதுவே எங்கள் வழக்கமாயிற்று. காற்றைப் பார்க்கும் வேலை ஒழிந்தது. அண்ணன் பற்றரியைக் கொழுவியதும் நான் மருதமரத்தடிக்கு ஓடி, "அம்மா, இப்ப சத்தம் வரும்!" என்று கத்துவேன். வீட்டுக்குள்ளேயிருந்து, "ஓம், விடுங்கோ!" என்று குரல் வரும். அந்தக் குரல் வராமல் ஒருநாளும் மோட்டார் சுழன்றதில்லை. சில நாட்களில் "ஓம்" வரச் சுணங்கும். சுணங்கினால் காத்திருப்போம், அல்லது மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிவிடுவோம்.

இப்போது அந்த வயலில் பாதி வீடுகளாகிவிட்டது. மருதமரத்தை வீதி அகலிக்கும்போது வெட்டிவிட்டார்கள். அப்பா மீன் விற்பதை விட்டுவிட்டார், ரெஜிபோம் பெட்டிகளும் வீட்டுக்கு வருவதில்லை. விமானத்தைக் கறையான் தீண்டவில்லை, எலி தின்றுவிட்டது. மீன் வாசம் அதற்கும் பிடித்திருக்கவேண்டும். அண்ணன் மல்லாவிப் பக்கம்வரை போய் வயல்களுக்கு ட்ரோனால் மருந்து அடிக்கிறான். இப்போதுள்ள ரிமோட்டை அவனே தன் கைக்கு ஏற்றபடி மாற்றி வைத்திருக்கிறான், என் பெருவிரல் அவனுக்குத் தேவையில்லை. நான் ஓமந்தையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன், விடுமுறைக்குத்தான் வீட்டுக்குப் போவேன். அம்மாவின் மற்றக் காதும் போய்விட்டது. அண்ணன் வேலைக்கு வெளிக்கிடும்போது அவர் முன்னால் வந்து நின்று, மூன்று விரல் உள்ள கையை உயர்த்தி வானத்தைக் காட்டுவான். அவருக்கு ஒரு சத்தமும் கேட்கப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அம்மா, "ஓம், விடு" என்ற பிறகுதான் படலையைத் திறப்பான்.

போன விடுமுறையில் முற்றத்தில் இருந்து அம்மாவோடு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மரங்களுக்குப் பின்னாலிருந்து திடீரென்று ஒரு ஹெலிகொப்டர், கூரையைத் தொட்டுவிடும் உயரத்தில் வந்தது. சுளகு ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம், நான் முழங்கையை ஊன்றி மண்ணில் கிடந்தேன். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நான், வாயைத் திறந்தபடி.

அம்மாவுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. மேலே அண்ணாந்தும் பார்க்கவில்லை. நான் கிடந்த விதத்தை மட்டும் பார்த்துவிட்டு, அந்த வயதிலும் ஒரு பாய்ச்சலில் வந்து என்மேல் கவிழ்ந்து மூடிக்கொண்டார். அது தாண்டிப்போய் வெகுநேரத்துக்குப் பிறகுதான், என் முகத்தைத் திருப்பி, என் வாயசைவைப் பார்ப்பதற்காகக் கண்ணைச் சுருக்கியபடி, "சொல்லிப்போட்டு வந்ததோ?" என்று கேட்டார்.

இல்லையென்று தலையாட்டினேன்.